புள்ளி போட்ட காலர்

யூனிஃபார்ம் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைப்பாள். கையில் கத்தரியோடு யாரையும் திட்டக் கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அன்று காலை அதை மறந்துவிட்டாள். இடது கையில் அச்சுக்குப் போக வேண்டிய தாள்களும் வலது கையில் கத்தரியுமாக அவள் பக்கத்துக் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்து, நகல் எடுக்க நின்றிருந்த இரண்டு பேர் தங்கள் காகிதங்களை வாரிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

"யார் எழுதுனது இது?"

ஜெராக்ஸ் கடைக்காரன் நிமிர்ந்தான். எந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கத்தரிய வச்சுட்டுப் பேசுங்கக்கா."

"வைக்கிறேன். நீ பதில் சொல்லு."

"ஊர் சொன்னது. நான் டைப் அடிச்சேன். அவ்ளோதான்."

அவள் கத்தரியை நகல் இயந்திரத்தின் கண்ணாடி மேல் டங்கென்று வைத்தாள். அவன் கண்ணாடியைத்தான் முதலில் பார்த்தான். கீறல் விழவில்லை.

இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு உண்டு. சில்லறை, டீ டம்ளர், ஊர் வம்பு எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். இந்தப் பக்கம் அக்காவின் தையல் கடை. சுற்று வட்டாரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவள் தைத்ததுதான் சட்டை, பாவாடை, கால்சட்டை. அவள் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, தம்பி படிக்க வேண்டும், அதனால் மிஷினில் உட்கார்ந்தாள். ஆனால் ஒரு பிள்ளையின் தோளைப் பார்த்தால் அடுத்த வருடம் எவ்வளவு அகலும் என்று சொல்லிவிடுவாள், அதற்குத் தகுந்தபடி உள்மடிப்பில் துணி விட்டுத் தைப்பாள். ஒரு முறை மட்டும் அளந்து வெட்டுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. அப்படி வெட்டுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது, குடிகாரர்களைப் பற்றிப் பேசுகிற குரல் வரும்.

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை. பழைய போட்டோக்களைப் பெரிதாக்கித் தருவதும் அவன் வேலை. இறந்தவர்களின் படத்தைக் கொண்டுவருகிறவர்கள் கூடவே கதையும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கு ஆசை வந்தது. "அக்கா, இந்த ஊருக்கு ஒரு வரலாறு கிடையாது, தெரியுமா?" என்று ஒரு நாள் திறப்பின் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஊருக்கு ஒழுங்கா தண்ணியே கிடையாது. வரலாறு எதுக்கு?" என்றாள் அவள். ஆனால் சாயங்காலத்துக்குள் அவளுக்கும் ஆசை தொற்றிவிட்டது.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அவன் வீடு வீடாகப் போய்ப் போனில் பதிவு செய்வான். அவள் அதன் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு தைத்தபடியே கேட்பாள். பிறகு மிஷினை நிறுத்திவிட்டு, பதிவை ஓட விட்டு நிறுத்தி, ஓட விட்டு நிறுத்தி, அப்படியே எழுதுவாள். அவள் எழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்து அவன் டைப் அடிப்பான். ஒருவர் சொன்ன வார்த்தையை மாற்றக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது என்பது இருவரும் பேசி வைத்த ஒரே விதி. அட்டையில் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும். சந்தை வந்த கதை, முதல் பஸ் ஓடிய கதை, சினிமாக் கொட்டகை எரிந்த கதை என்று பக்கங்கள் சேர்ந்தன. வெள்ளத்தின் முறை வந்தபோது மட்டும் அவன், "உங்களுக்கு ஸ்கூல் திறக்கிற சீசன். இத நானே கேட்டு எழுதிக்கிறேன்" என்றான். பையனுக்கு நம்மீது இவ்வளவு அக்கறையா என்று அவள் நெகிழ்ந்துகூடப் போனாள். அந்த நெகிழ்ச்சியை நினைக்க நினைக்கத்தான் இப்போது ரத்தம் கொதித்தது.

வெள்ளம் என்றால் அந்த ஊரில் ஒன்றுதான். ஆற்றில் தண்ணீர் மிஞ்சினால் ஊருக்கு மேலே இருக்கும் மதகின் இரண்டு கதவுகளையும் திறந்து, தரிசு நிலத்தின் பக்கம் திருப்பிவிட வேண்டும். அந்த வருடம் ஒரு கதவுதான் திறந்தது. தண்ணீர் கீழ்த்தெருவுக்குள் புகுந்து பதினொரு பேரைக் கொண்டுபோனது. அப்போது மதகுக்காரராக வேலை பார்த்தவர் அக்காவின் அப்பா.

அவள் தாளை விளக்கடியில் பிடித்துப் படித்தாள். படித்தாள் என்பதைவிட ஒவ்வொரு வார்த்தையாகத் துப்பினாள் என்று சொல்லலாம்.

"'ஜனங்கள் கரையில் நின்று கெஞ்சினார்கள். மதகுக்காரர் கதவைத் திறக்க மறுத்தார். உயரத்தில் நின்று இடுப்பில் கை வைத்து மூன்று முறை சிரித்தார்.' எங்கப்பா சிரிச்சாரா? டேய், என் கல்யாண போட்டோவுலயே அந்த மனுஷன் சிரிக்கல. போட்டோக்காரன் கெஞ்சிப் பாத்துட்டு விட்டுட்டான்."

"முப்பது பேர் சொல்றாங்கக்கா. வேற வேற தெரு, வேற வேற வயசு. ஒருத்தர மாதிரியே இன்னொருத்தர் சொல்றாங்க. நான் என்ன பண்ண?"

"எங்கிட்ட கேட்டிருக்கணும்."

"நீங்க அவரோட பொண்ணு."

"ஆமா. அதனால?"

"அதனாலதான் கேக்கல." அவன் குரலும் ஏறியது. "முப்பது பேர விடுங்க. நானே பாத்திருக்கேன். எங்கப்பா தோள்ல உக்காந்து இந்தக் கண்ணால பாத்தேன். இன்னிக்கும் அந்தச் சிரிப்பு காதுல கேக்குது. எங்க சித்தப்பா அந்த வெள்ளத்துல போனவர்க்கா. உடம்புகூடக் கிடைக்கல. எங்கப்பா சாகற வரைக்கும் ஆத்துப் பக்கம் திரும்பிப் படுத்தது கிடையாது. உங்களுக்காக அத மறைக்கணுமா?"

"உன்ன மறைக்கச் சொல்லல. பொய் எழுதாதேன்னு சொல்றேன்."

"வேணும்னா அட்டைல உங்க பேர் இல்லாம போட்டுக்கிறேன். உங்களுக்கும் சங்கடம் இருக்காது."

அக்கா தாள்களை மடித்துக்கொண்டாள்.

"என் பேர எடுத்துட்டு எங்கப்பா பேர வச்சுக்கிறே. நல்ல ஏற்பாடுடா. இதுக்கா ரெண்டு வருஷம் காதுல வயர மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

வெளியே வந்த பிறகுதான் கத்தரியை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போக மனம் ஒப்பவில்லை. சற்று நேரத்தில் திறப்பின் வழியாக ஒரு கை வந்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி கத்தரியை வைத்துவிட்டுப் போனது. அவள் அதை எடுத்துக்கொண்டு, திறப்பை ஒரு அட்டைப் பலகையால் அடைத்தாள். அதன் மேல் நூல்கண்டுப் பெட்டியையும் முட்டுக் கொடுத்து வைத்தாள்.

அப்புறம் ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டாள். முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான் பார்த்தாள். அவள் கடையில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. தையலைப் பிரித்துக்கொண்டே அப்பாவை நினைத்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவரைப் பம்பு அறைக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போவார், வருவார். ஒரே ஒரு முறை அவள் கேட்டிருக்கிறாள்: "அன்னிக்கு என்னப்பா நடந்துச்சு?" அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு திறந்துது. ஒண்ணு திறக்கல." அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மதியம் அந்தத் தாள்களை மறுபடி எடுத்தாள். இந்த முறை மகளாகப் படிக்கவில்லை. தைத்து வந்த துணியைச் சோதிக்கிற மாதிரி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால், வரி வரியாக, விரல் வைத்துக்கொண்டு போனாள். கறிகாய் விற்கும் அம்மா சொன்னது: 'கறுப்பு கோட்டு போட்டிருந்தார். காலர் மட்டும் சிவப்பு.' பழைய பஸ் டிரைவர் சொன்னது: 'எனக்கு ஆத்திரம் தாங்கல. கால்ல கிடந்த செருப்பக் கழட்டி அவர் மேல எறிஞ்சேன். அந்தச் சிவப்புக் காலரக் குறி பாத்துத்தான் எறிஞ்சேன்.' இன்னொருவர்: 'காலர் சிவப்பா இருந்ததால தூரத்துலயே தெரிஞ்சுது.'

அக்காவின் விரல் நின்றது.

அப்பாவிடம் கோட்டே கிடையாது. மழை வந்தால் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போவார். சிவப்புக் காலர் வைத்த கறுப்புக் கோட்டு ஒன்று இருந்தது உண்மைதான். அந்தக் காலரைத் தைத்தது அவளேதான்.

வெள்ளம் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த வாத்தியார் ஒருவர் வெள்ளத்தை வைத்து நாடகம் எழுதினார். ஆற்றை மேடையில் கொண்டுவர முடியாது, திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும். அதனால் நாடகத்தில் ஒரு கெட்ட மதகுக்காரனை உண்டாக்கினார். அந்த வேஷத்துக்கு அக்காவின் தம்பியைக் கேட்டு வீட்டுக்கே வந்தார். அவன் அப்போது பத்து வயதுப் பையன், குரல் மட்டும் பெரிய ஆள் குரல். என்ன வேஷம் என்று வாத்தியார் சொல்லவில்லை. "முக்கியமான பாத்திரம்மா" என்றார். அம்மா சரி என்றாள். ஹெட்மாஸ்டரின் பழைய கறுப்புக் கோட்டு ஒன்றைக் கொடுத்து, "கடைசி வரிசைக்காரனுக்கும் இவன் யாருன்னு தெரியணும், ஒரு சிவப்புக் காலர் வச்சுக் குடும்மா" என்று அக்காவிடம் சொன்னார். வீட்டில் வேறு சிவப்புத் துணி இல்லை. ஜன்னல் திரையில் ஒரு ஓரத்தை வெட்டினாள். சிவப்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி போட்ட திரை. வெளி ஆளுக்கு அவள் தைத்துக் கொடுத்த முதல் துணி அதுதான். ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

நாடகத்தன்று ஊரே வந்திருந்தது. தம்பி ஒரு பெஞ்சின் மேல் ஏறி, இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. ஜனங்கள் அழுதார்கள், மறுநாளும் போடச் சொன்னார்கள், அதற்கு மறுநாளும் போட்டார்கள். முதல் நாள் நாடகம் முடிந்ததும் தம்பி கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்கு ஓடி வந்து, "நல்லா நடிச்சேனாப்பா?" என்று கேட்டான். அப்பா கோட்டை மேலும் கீழும் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பி, "காலர் நல்லா தச்சிருக்கே" என்றார். பிறகு கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தெருவில் தம்பிக்கு 'மதகு' என்றே பெயர் நின்றுவிட்டது. "மதகு, கொஞ்சம் திறடா" என்று பின்னாலேயே கத்துவார்கள். மீசை முளைத்ததும் அவன் ஊரை விட்டுப் போனான். இப்போது பெரிய நகரம் ஒன்றில் லிப்ட் மெக்கானிக்.

அக்கா அவனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, லிப்ட்டுக்கு மேல நின்னுட்டிருக்கேன். அப்புறம் கூப்பிடவா?"

"கீழ இறங்கு. ஒரு கேள்விதான்."

"கீழ இறங்கணும்னா லிப்ட் ஓடணும். ஓடினா எதுக்கு நான் இங்க நிக்கிறேன்? சொல்லு."

"அந்த நாடகத்துல நீ எத்தனை தடவ சிரிச்சே?"

அந்தப் பக்கம் எதுவோ இரும்பு தட்டும் சத்தம் நின்றது.

"எதுக்கு இப்போ அது?"

"சொல்லுடா."

"மூணு. வாத்தியார் ரெண்டுதான் சொல்லிக் குடுத்தார். ஜனங்க அப்படியே வாயடச்சு உக்காந்திருந்தாங்களா, மூணாவது நானாப் போட்டேன். ஏன்க்கா?"

அவள் சொன்னாள். புத்தகம், முப்பது பேர், மூன்று சிரிப்பு, காலர் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ ஊர் அப்பாவத் திட்டினது, என்னப் பாத்துட்டா?"

"நீ பத்து வயசுப் பையன். உனக்கு என்ன தெரியும்?" என்றாள். பிறகு தானாகவே வந்தது: "நல்லா நடிச்சேடா. நாப்பது வருஷம் கழிச்சும் ஒருத்தனுக்கும் அது நடிப்புன்னு ஞாபகம் இல்ல. அதான் என் வயித்தெரிச்சல்."

மறுநாள் காலை அவள் கத்தரி இல்லாமல் போனாள். ஜெராக்ஸ்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ உங்கப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்னு சொன்னியே."

"பாத்தேன். அதுல மாத்தம் இல்ல."

"என்ன போட்டிருந்தார்?"

"கறுப்பு கோட்டு. பெரிய கோட்டு. கை ரெண்டும் தொளதொளன்னு தொங்கும்."

"காலர்?"

"சிவப்பு."

"வெறும் சிவப்பா?"

அவன் எரிச்சலோடு ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கண்ணை இடுக்கி யோசித்தான். தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு எல்லாரையும்விட நன்றாகவே தெரிந்திருக்கும்.

"இல்ல. வெள்ளப் புள்ளி போட்டிருக்கும். பொடிசா."

"எந்த கவர்மெண்டுடா மதகுக்காரனுக்குப் புள்ளி போட்ட காலர் குடுக்குது?"

அவன் காகிதக் கட்டை மறுபடி பிரிக்கத் தொடங்கினான்.

"அன்னிக்கு மழையா?"

"வெள்ளம்னா மழ இல்லாமயா?"

"உங்கப்பா தோள்ல உக்காந்திருந்தியே. நனைஞ்சியா?"

ஜெராக்ஸ்காரன் காகிதக் கட்டைக் கீழே வைத்தான். அக்கா தன் கடைக்குப் போய் மிஷின் மேல் மூடியிருந்த துணியை உருவிக்கொண்டு வந்தாள். பழைய ஜன்னல் திரை. சாயம் போய் இளஞ்சிவப்பாகிவிட்டது, ஆனால் புள்ளிகள் இருந்தன, ஒரு ஓரத்தில் நீளமாக வெட்டிய வெட்டும் இருந்தது. அதை அவன் மேஜை மேல் விரித்தாள். "நான் வெட்டினது. பள்ளிக்கூட நாடகத்துக்கு. சிரிச்சது என் தம்பி. கை தொங்குச்சுன்னு சொன்னியே, பெரிய ஆள் கோட்ட சின்னப் பையன் போட்டா தொங்காம என்ன பண்ணும்?"

அவன் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"அப்போ எங்க சித்தப்பா?"

"ஆத்தோட போனார்."

"யார் காரணம்?"

"தெரியாது. எங்கப்பா ஒரு கதவத் திறந்தார், இன்னொண்ணு திறக்கல. முட்டிப் பாத்தாரா, பயந்து ஓடி வந்தாரா, எனக்குத் தெரியாது. அன்னிக்கு அங்க வேற ஒருத்தரும் இல்ல. இருந்திருந்தா அவங்களும் போயிருப்பாங்க. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததத்தான் நீ டைப் அடிச்சு வச்சிருக்கே."

"இத்தன வருஷமா அந்த ஆள மனசுக்குள்ள திட்டிட்டிருக்கேன்க்கா." அவன் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தான். திரை துள்ளியது. "இப்போ வந்து புள்ளியக் காட்டுறீங்க. நான் யாரத் திட்டறது?"

"என்னத் திட்டு. காலர் தச்சவ இங்கதான் நிக்கிறேன்."

அவன் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

மறுநாள் அட்டைப் பலகையைத் தள்ளிக்கொண்டு ஒரு தாள் கட்டு திறப்பின் வழியாக வந்தது. நூல்கண்டுப் பெட்டி உருண்டு கீழே விழுந்தது. அக்கா புரட்டிப் பார்த்தாள். சினிமாக் கொட்டகைக்குப் பிறகு நேராகப் புது பஸ் நிலையம். வெள்ளமே இல்லை.

"எடுத்துட்டேன். போதுமா?" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"யார் எடுக்கச் சொன்னா?"

"நீங்கதான்க்கா. அன்னிக்குக் கத்தரியோட வந்து நின்னது யாரு?"

"பொய் எழுதாதேன்னுதான் சொன்னேன். எடுன்னு சொன்னேனா?" அவள் திறப்பில் தலையை நுழைத்தாள். "யோசிச்சுப் பாரு. புத்தகம் கையில வந்ததும் எல்லாரும் முதல்ல எதத் தேடுவாங்க? வெள்ளத்த. இல்லன்னா என்ன சொல்லுவாங்க? மதகுக்காரன் பொண்ணு கிழிச்சுப் போட்டுட்டான்னு சொல்லுவாங்க. இதுவரைக்கும் எங்கப்பாமேல பேச்சு மட்டும்தான் இருந்துச்சு. இப்போ நான் மறைச்சேன்னு சாட்சியும் சேந்துடும்."

"அப்போ என்னதான் பண்ணணும்?"

"எல்லாத்தையும் போடு. முப்பது பேர் சொன்னதையும் அப்படியே போடு, ஒரு எழுத்து மாத்தாதே. சிரிப்பு, காலர், செருப்பு எல்லாம் இருக்கட்டும். அதுக்குப் பின்னால நான் சொல்றேன். முப்பத்தொண்ணாவது ஆள் நான். போன எடு, பதிவு பண்ணு."

"முப்பது பேரப் பொய்யனாக்கப் பாக்குறீங்க."

"யார் பொய்யன்னு சொன்னா? பாத்தாங்க, பாத்தத சொன்னாங்க. எங்க வச்சுப் பாத்தோம்னு மட்டும் மறந்துட்டாங்க."

"அவங்க வீட்டுப் பக்கம் நான் போக வேண்டாமா? எல்லாரும் என்ன அடிக்க வருவாங்க. முடியாதுக்கா. வேணும்னா வெள்ளம் இல்லாம போடலாம். இல்லன்னா புத்தகமே வேண்டாம்."

"வேண்டாம்னா வேண்டாம். நான் எழுதுன காகிதத்த எல்லாம் திருப்பிக் குடு."

"எடுத்துட்டுப் போங்க. டைப் அடிச்சது எங்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும். அதுல என் காது இருக்கு. நீ எப்படிப் பிரிச்சு எடுக்கறேன்னு பாக்கறேன்."

அட்டைப் பலகை திரும்ப ஏறியது. இந்த முறை இரண்டு பக்கமும். டீக்கடையிலிருந்து இரண்டு டம்ளர் கொண்டுவருகிறவர், இருவருக்கும் தனித்தனி வாசல் வழியாகக் கொடுக்க வேண்டி வந்ததைப் பற்றித் தெரு முழுக்கப் புலம்பினார். அக்காவின் கடைக்கு வந்த பிள்ளைகள் அளவு எடுக்கும்போது மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றார்கள். "வயித்த எக்காதே. நான் உன்னக் கோவிச்சுக்கல" என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் மாலை, அவள் பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, ஜெராக்ஸ்காரன் தெரு வாசல் வழியாக வந்தான். செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"மூணு பேர்கிட்டப் போனேன்."

அக்கா ஊசியை நிறுத்தினாள்.

"கறிகாய்க்காரம்மாகிட்ட, அவர் எதுமேல நின்னு சிரிச்சார்னு கேட்டேன். பெஞ்சு மேலன்னாங்க. ஆத்தங்கரையில பெஞ்சு ஏதும்மான்னேன். என்னப் பைத்தியக்காரனப் பாக்குற மாதிரி பாத்தாங்க. அடுத்த ஆள் கிட்ட கேட்டேன், அதே பெஞ்சு. பஸ் டிரைவர்கிட்ட, நனைஞ்சீங்களான்னு மட்டும் கேட்டேன். அவர் தடிய எடுத்துட்டார். உண்மையத்தான் சொல்றேன், தடிய எடுத்துட்டார்." அவன் போனை எடுத்து மிஷின் மேல் வைத்தான். அவன் முகத்தில் சமாதானம் ஒன்றும் இல்லை. "பேசுங்க. ஆனா ஒண்ணு. 'எங்கப்பா நல்லவர்'னு சொன்னீங்கன்னா நிறுத்திடுவேன். உங்களுக்கும் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்க."

"நான் எதுக்குடா அப்படிச் சொல்றேன்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு காலர்."

அவள் பேசினாள். திரையை வெட்டியது, புள்ளி, வாத்தியார், பெஞ்சு, தம்பியின் மூன்றாவது சிரிப்பு, அப்பா சொன்ன இரண்டு வார்த்தை. இடையில் இருமல் வந்தபோதுகூட நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும் அவன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டைப் அடித்து வந்த தாளை அவள் விரல் வைத்துப் படித்தாள். 'சிவப்புக் காலர் தைத்துக் கொடுத்தேன்' என்று இருந்தது. பென்சிலால் இடையில் அம்பு போட்டு, 'வெள்ளைப் புள்ளி போட்ட' என்று எழுதி, பலகைகளை விலக்கித் திறப்பின் வழியாகத் தள்ளினாள். தாள் திரும்பி வந்தது. புள்ளி வந்திருந்தது, ஆனால் அவள் வரி இரண்டு பக்கத்துக்கு நடுவில் உடைந்து நின்றது. திரும்ப அனுப்பினாள். "இது எத்தனாவது தடவ?" என்று கத்தினான். "சரியா வர்ற வரைக்கும்" என்றாள். அந்தப் புத்தகத்தை முடிக்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவில்லை. அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று மட்டும் அவள் ஸ்கேல் வைத்துப் பார்த்தாள்.

புத்தகம் வந்து நான்கைந்து நாள் கழித்துப் பழைய பஸ் டிரைவர் தடியும் புத்தகமுமாகத் தையல் கடைக்குள் நுழைந்தார். வரும்போதே மூச்சு வாங்கியது.

"யாரு முட்டாள்? நானா? நான் கரையில நின்னு எறிஞ்ச செருப்பு. நீ நாடகம்னு எழுதி வச்சிருக்கே. ஊரே என்னப் பாத்துச் சிரிக்குது."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். மிஷின் மேல் கிடந்த திரையை எடுத்து அவர் கையில் போட்டாள். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியை மேலே தூக்கித் துணியைக் கண்ணருகே கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்ட வந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"அந்தப் பையன் யாரு?"

"என் தம்பி."

"பாவி. என்னமா சிரிச்சான்."

"மூணாவது அவனாச் சேத்தது."

அவர் துணியைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"செருப்பு பட்டுதா?"

"பட்டுது. தோள்ல, காலருக்குக் கொஞ்சம் கீழ. வீங்கிப் போச்சு. வாத்தியார் அதத்தான் பரிசுன்னு நினைச்சுக்கோன்னார்."

"நான் அந்த மதகுக்காரன்னு நினைச்சு..." என்று தொடங்கி, எதிரில் இருப்பது யார் மகள் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு தடியை ஊன்றி எழப் பார்த்தார். "அவன்கிட்ட சொல்லிடு."

"என்னன்னு?"

"அதான். சொல்லிடு."

"நான் எதுக்குச் சொல்லணும்? செருப்பு உங்களுது." அக்கா போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும், போனை அவர் காதில் வைத்து அவர் கையாலேயே பிடிக்க வைத்தாள். "லிப்ட் மேல நிக்கிறேன்னு சொல்லுவான். விடாதீங்க. பேசுங்க."